மருந்துக்கோட்டை

போன மாதம் தென்காசியிலிருந்து இரண்டு இளம் சர்வேயர்கள் கீழப்பாவூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். கொக்கரைக் குளத்தின் நடுத்திட்டில் இடிந்து கிடக்கிற கோட்டைக்கு ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். அதில் எழுத நாலு வரி வேண்டுமாம். பழைய ஃபைலில் 'கும்பினியார் காலத்து வெடிமருந்துக் கிடங்கு' என்று இருக்கிறது.

"அதையே எழுதிவிடலாமா சார்? நீங்கள்தானே அதை அளந்தது?" என்று கேட்டார்கள்.

எனக்கு நாலு வரியில் சொல்ல வரவில்லை. காப்பி கொடுத்து, "ஒரு வாரம் பொறுங்கள், எழுதித் தருகிறேன்" என்று அனுப்பிவைத்தேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீண்டுவிட்டது.

ஸ்கூல் பைனல் முடித்ததும் பொதுப்பணி இலாகாவில் சேர்ந்தவன் நான். இரண்டு வருஷம் வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்தேன். ஒரு வருஷம் படம் வரையக் கற்றேன். பரீட்சையில் முதல் தடவை தோற்று, அடுத்த தடவை தேறினேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், தேவசகாயம் சார் எங்கள் ஆபீசுக்கு இன்ஜினியராக வந்த பிறகு நடந்ததுதான்.

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. எனக்கு முப்பத்துநாலு. பாளையங்கோட்டைக்காரர். ஒடிசலான உடம்பு. குற்றாலத்துச் சாரல் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் நெஞ்சில் இழுப்பு வந்துவிடும். எட்டு வயது சின்னவரிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உள்ளூர எரிச்சல். அவரோ யாரையும் கைகட்டி நிற்கவிடவில்லை. சங்கிலிக்காரர் மாடசாமியைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். மாடசாமிக்கு அது பெரிய சங்கடம்.

"இவிய நம்மளக் கேலி பண்ணுதாவளோ அண்ணாச்சி?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

சார் குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஆனால் அளவில் அவரிடம் தப்பிக்க முடியாது. எந்தச் சுவரையும் இரண்டு முறை அளக்க வேண்டும், இரண்டாவது முறை எதிர்ப்பக்கத்திலிருந்து. இரண்டுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. அளந்ததை அளந்த இடத்திலேயே அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் டேப்பின் இரு நுனிகளையும் பிடித்தவர்கள் பெயர் இருக்க வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. ரப்பரைத் தொடக்கூடாது. சாயங்காலம் வேலை முடிந்ததும் இரும்பு டேப்பைத் தானே எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை துடைத்துச் சுருட்டுவார். அதை மட்டும் எங்களிடம் விடமாட்டார்.

அவர் வந்த புதிதில் பாவூர்சத்திரம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பாலம் அளந்தோம். ஓர் இடத்தில் எட்டு என்று எழுதியதை நான் ரப்பரால் அழித்து ஒன்பது ஆக்கினேன். சரியான அளவு ஒன்பதுதான். சார் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தனியாகச் சைக்கிளில் பாவூர்சத்திரம் போய், அந்த ஒரு அளவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒன்பதுதான் சண்முகம். நீங்க எழுதினது சரி. ஆனா அழிச்சிருந்ததுனால எனக்கு நம்ப முடியாமப் போச்சு" என்றார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

கொக்கரைக் குளத்து வேலை வந்தது ஓர் ஆனி மாதம். குளத்தின் கீழ்மடை உடைந்து, தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குள் கட்டாவிட்டால் கரையே போய்விடும். நடுத்திட்டில் கிடக்கும் பாழுங்கோட்டையின் கல்லைப் பெயர்த்து மடையைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு ஊர் முன்சீப் மனுப் போட்டிருந்தார். கோட்டையை அளந்து, கல்லைக் கணக்கிட்டு, அதில் ஆள் குடியிருப்பு இல்லை என்று சான்று எழுத வேண்டியது எங்கள் வேலை.

முன்சீப் கெட்டவர் இல்லை. மடைக்குக் கீழே முழங்கால் உயரம் நின்ற நாற்றைக் காட்டினார்.

"பாத்தியளா சார்? நாப்பது குடும்பம் இதை நம்பித்தான் இருக்கு. கல்லு அங்கன சும்மா கெடக்கு."

"கோட்டையில யாரும் இருக்காங்களா?" என்று சார் கேட்டார்.

"அங்கன யாரு இருக்கா? கொக்கும் நாரையும்தான்."

அவர் பதில் சொன்ன வேகம் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

நாலு கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் சாரும் நானும் மாடசாமியும் திட்டுக்குப் போனோம். அதிகம் போனால் ஓர் ஏக்கர் இருக்கும். பாறை மேடு, அதைச் சுற்றி உடை மரங்கள். கோட்டை என்று பெயர்தான். பெரிய வீடு அளவுதான் இருக்கும். வடக்குச் சுவர் அறுபத்திரண்டு அடி நாலு அங்குலம். நாலு மூலையிலும் இடுப்பளவுக்கு இடிந்த வட்டக் கொத்தளங்கள். உள்ளே ஒரு கிணறு. தெற்கே ஒரேயொரு நீள அறை மட்டும் வளைவுக் கூரையோடு முழுசாக நின்றது. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சார் குடையைத் தனக்குப் பிடிக்காமல் அளவுப் புத்தகத்துக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தார்.

வெளிச்சுவரெல்லாம் அளந்துவிட்டுத் தெற்கு அறைக்கு வந்தோம். வாசலுக்கு முன்னால் மூன்று கல் அடுப்பு. சாம்பலில் இன்னும் சூடு இருந்தது.

"யாருங்க உள்ள?" என்று சார் குரல் கொடுத்தார்.

இருட்டிலிருந்து பதில் வந்தது. "வராதீய ஐயா. அங்கனயே நில்லுங்க. எனக்குப் பெருநோய்."

மாடசாமி நாலு எட்டு பின்னால் போய்விட்டார். நானும்தான். சார் மட்டும் குனிந்து வாசலில் நுழைந்தார்.

உள்ளே இருந்தவர் பெயர் பரமசிவன். ஐம்பது வயதிருக்கும். கொத்தனார். குற்றாலத்தில் பங்களாக்களுக்குச் சுவர் வைத்தவர். விரல்கள் மரத்துப்போய், கரணை பிடிக்க முடியாமல் ஆனபோதுதான் தொழுநோய் என்று தெரிந்திருக்கிறது. ஊரில் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து வருஷமாகத் திட்டில் இருக்கிறார். மனைவி இசக்கியம்மாள் தினமும் சோறு கொண்டுவருவாள். இதெல்லாம் ஊருக்கே தெரியும். யாரும் வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சார் அவரிடம் வந்த காரியத்தை மறைக்காமல் சொன்னார். பரமசிவன் தலையாட்டினார்.

"அளக்கணும்னா அளந்துக்கிடுங்க. நான் மூலையில ஒதுங்கிக்கிடுதேன்."

டேப்பின் ஒரு நுனியை அறையின் கடைசிச் சுவரில் பிடிக்க வேண்டும். மாடசாமி தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். சார் அவரை வற்புறுத்தவில்லை. என்னைப் பார்த்தார். 'போங்க' என்று அவர் சொல்லியிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. சொல்லவில்லை. என் கால் வாசற்படியைத் தாண்டி ஓரடி போய் நின்றுவிட்டது. எனக்குக் கீழப்பாவூரில் இரண்டு குழந்தைகள். அவர்கள் முகம்தான் முன்னால் வந்தது.

உள்ளேயிருந்து பரமசிவன் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க வரவேண்டாம். அந்த நுனியை இங்கன போடுங்க. நான் புடிக்கேன். நூல் புடிச்ச கைதான்."

சார் உடனே, "பிடிங்க. பூஜ்யத்தைச் சுவரோட ஒட்ட வைங்க" என்றார், வேறு எந்தச் சங்கிலிக்காரரிடமும் சொல்வது போல.

அவர் பிடித்தார். மடங்கிப்போன விரல்களுக்கு நுனி அடங்கவில்லை. உள்ளங்கையால் சுவரோடு அழுத்திக்கொண்டார். நான் வாசல் பக்கம் நின்று அளவைச் சொன்னேன். இருபத்தொன்பது அடி ஏழு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். அவர் பிடித்த நுனி என் கைக்கு வர வேண்டும். வந்தது. வாங்கினேன். அவர் கை படாத இடமாகத் தேடி நான் பிடித்ததை அவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்தொன்பது அடி ஏழு. ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

அளந்து முடித்ததும் சார் வாசல் நிலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். கல் நிலையில் இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டை செருகக் குழி வெட்டியிருந்தது.

"கொத்தனாரே, இந்தக் குழியைப் பாத்தீங்களா?"

"வந்த அன்னைக்கே பாத்தேன் ஐயா. வெளிப்பக்கம் இருக்கு. சண்டைக்குப் பயந்து கட்டுனவன் கட்டையை உள்ளுக்குல்லா போடுவான்? இவன் வெளிய நின்னு பூட்டியிருக்கான்."

சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு சாண் சதுரத்துக்கு ஓர் ஓட்டை. வெளிப்பக்கம் ஒரு கல் பலகை நீட்டிக்கொண்டிருந்தது, சட்டி வைக்கிற அளவுக்கு. அந்த வழியாகச் சோற்றைத் தள்ளியிருக்கிறார்கள் என்றார் பரமசிவன். பிறகு சாரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால்தான் தெரியும் என்றார். சார் ஈரத் தரையில் உட்கார்ந்தார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், காரைப் பூச்சில், ஆணியால் கீறின எழுத்துகள். தமிழிலும் தெலுங்கிலும் பெயர்கள். வேறெதுவும் இல்லை, வெறும் பெயர்கள். சுவரின் மேல்பாதியில் ஒரு கீறலும் கிடையாது.

"எல்லாம் படுத்துக்கிட்டு எழுதுனது ஐயா. எந்திரிக்க முடியாதவன் எழுதுனது. இருவத்தேழு பேரு. தெலுங்கு எனக்குத் தெரியாது, எண்ணிவச்சிருக்கேன்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஊரில் அந்த இடத்துக்கு 'மருந்துக்கோட்டை' என்று பெயர். கிராமத்தின் பழைய கணக்கிலும் அப்படித்தான் இருந்தது. ஆபீசில் யாரோ ஒருவர், கோட்டை என்றால் வெடிமருந்துதான் என்று நினைத்து அப்படியே எழுதிவைத்துவிட்டார். பாளையக்காரர் சண்டைக் காலத்தில் கும்பினிப் பட்டாளத்து நாட்டுச் சிப்பாய்களுக்கு வாந்திபேதியோ அம்மையோ கண்டபோது, மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்கத் தண்ணீருக்கு நடுவே கொண்டுவந்து அடைத்த இடம் அது. அந்த மருந்து வேறு, இந்த மருந்து வேறு. காகிதத்தில் இதற்கு அத்தாட்சி கிடையாது. சுவரில் இருந்தது.

அந்த நேரத்தில் இசக்கியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தாள். திட்டின் ஓரத்தில் எங்கள் தெப்பத்தைப் பார்த்துவிட்டு, தன் சின்னத் தெப்பத்திலிருந்து இறங்கிப் பயந்து ஓடிவந்திருக்கிறாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அவியளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கியளா?" என்று கேட்டாள்.

சார் இல்லை என்றார். சான்றில் ஒரு கேள்வி இருக்கிறது, ஆள் குடியிருப்பு உண்டா இல்லையா என்று, உண்டு என்று எழுதினால் கோட்டையை இடிக்க முடியாது என்று விளக்கினார்.

பரமசிவன் பதறிப்போனார். "எழுதாதீய ஐயா. எம் பேரு வேண்டாம். எம் மவளச் சுரண்டையில கெட்டிக் கொடுத்திருக்கு. நான் கொழும்புக்குப் போயி அங்கனயே செத்துட்டேன்னு சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. சர்க்கார் தாள்ல பேரு வந்தா தண்டோரா போடுவாவ. அவ வாழ்க்க போயிரும். இடிச்சா இடிக்கட்டும், நான் எங்கயும் மரத்தடியில கெடந்துக்கிடுவேன்."

"நீங்க எழுதுங்க ஐயா" என்றாள் இசக்கியம்மாள். "அஞ்சு வருசமா உசுரோட இருக்கிற மனுசனைச் செத்துட்டாவன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன். தாலியைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுவச்சிருக்கேன். இருக்காவன்னு எங்கயாவது ஒரு தாள்ல இருக்கட்டும். யாரும் படிக்க வேண்டாம். இருந்தாப் போதும்."

"ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மவள நெனச்சுப் பாரு."

"அவள நெனச்சுத்தான இம்புட்டு நாளும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் சாரைப் பார்த்தார்கள். இப்படி ஒரு கேள்விக்கு எந்தக் காலேஜிலும் பாடம் இருக்காது. சாருக்கு இழுப்பு வந்துவிட்டது. வாசற்கல்லில் உட்கார்ந்து மூச்சு சீராகும்வரை காத்திருந்தார். பிறகு அளவுப் புத்தகத்தைத் திறந்து, அந்த அறைக்கான பக்கத்தின் தலைப்பில் எழுதியதை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டினார்.

"டேப் பிடித்தவர்கள்: சர்வேயர் சண்முகம், கொத்தனார் பரமசிவன்."

"இது எங்க வழக்கம். பிடிச்சவங்க பேரு எழுதியே ஆகணும். இந்தப் புத்தகம் ஆபீஸ் பீரோவுக்குள்ள இருக்கும். வெளிய போகாது. யாரும் தண்டோரா போடமாட்டாங்க" என்றார். பிறகு சான்றுத் தாளில், 'தெற்கு அறையில் ஒரு குடி வசிக்கிறது' என்று மட்டும் எழுதினார். பெயர் போடவில்லை.

இசக்கியம்மாள் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எந்த இடம் என்று கேட்டு, சார் காட்டிய எழுத்தின் மேல் விரலை வைத்தாள். சாரல் ஈரத்தில் மை இன்னும் காயவில்லை. அந்த ரேகை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

கரைக்கு வந்ததும் நான் குளத்து மணலை அள்ளிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சார் என்னைப் பார்த்தார். சாயங்காலம் அவர் டேப்பை எப்படித் துடைக்கிறார் என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். வெந்நீர் கேட்பாரோ, புதுத் துணி எடுப்பாரோ என்று நினைத்தேன். தினமும் துடைக்கிற அதே துணி. அதே வேகம். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

முன்சீப்புக்குக் கோபம்தான். "தெரிஞ்சே ஒருத்தனுக்காக நாப்பது குடும்பத்தக் கைவிடுதியளா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சார் வடகரை ஓரமாக இரண்டு நாள் நடந்து, கரையை ஒட்டி மண்ணுக்குள் பாறை ஓடுவதைக் கண்டுபிடித்தார். கல்லை அங்கேயே உடைத்தோம். ஊர்க்காரர்கள் வண்டி கொடுத்தார்கள். புரட்டாசி கடைசியில் மடையைக் கட்டி முடித்தோம். முதல் தண்ணீர் பாய்ந்த அன்று முன்சீப்தான் சாருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஆனால் மேலிடத்தில், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யவில்லை என்று சாரிடம் விளக்கம் கேட்டார்கள். தை மாதத்தில் மாற்றல் வந்தது, மலைக்காய்ச்சல் உள்ள ஒரு அணைக்கட்டு வேலைக்கு. போவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். தென்காசிக்கு வாரம் ஒருமுறை வந்துபோன ஒரு மிஷன் டாக்டரைக் கெஞ்சிக் கூத்தாடித் திட்டுக்கு அழைத்துப் போனார். நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடும் வைத்தியம் அப்போது வந்திருந்தது. வலி உயிர் போகும். பரமசிவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாராவாரம் போட்டுக்கொண்டார்.

தென்காசி ஸ்டேஷனில் சாரை வழியனுப்ப நானும் மாடசாமியும் போயிருந்தோம். ரயில் நகரும்போது அவர், "சண்முகம், டாக்டருக்குத் தெப்பத்துல ஏறப் பயம். கூட யாராவது போனா நல்லது" என்றார். அதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி. அதன் பிறகு வாரம் தவறாமல் நானே டாக்டருடன் போனேன். வாசற்படிக்கு உள்ளே போய் உட்கார்ந்து, பரமசிவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினேன். சார் அந்த அணைக்கட்டிலேயே காய்ச்சலில் இறந்துபோனார் என்று மூன்றாவது வருஷம் செய்தி வந்தது. அதைப் பரமசிவனிடம் நான்தான் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கிணற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நானும் அங்கே போய் நின்றேன்.

யுத்தம் தொடங்கிய சமயத்தில், நோய் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்குள் போகப் பரமசிவன் மறுத்துவிட்டார். அதன் பிறகு இசக்கியம்மாள் வெளிப்படையாகவே திட்டில் போய்க் குடியிருந்தாள், கழுத்தில் தாலியோடு. இரண்டு ஆடு, கிணற்றடியில் வாழை, கத்தரிச் செடிகள்.

ஒரு பங்குனி மாதம் மடையைப் பார்வையிடக் குளத்துக்குப் போயிருந்தேன். கரையில் ஒரு சோடி நின்றது. ஆணுக்கு முப்பது வயதுக்கு மேலிருக்கும். சுரண்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"திட்டுக்குப் போகணும் சார். எங்க மாமா அங்கன இருக்காவ" என்றார்.

பக்கத்தில் நின்ற பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் எங்கே போகிறோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் தென்காசிக்கு வந்து ஊசி போடுகிற இடத்தில் யார் மூலமோ கேள்விப்பட்டு அவருக்கு மூன்று வருஷமாகத் தெரியும். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். அவளுக்கோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். அம்மா தினமும் யாருக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று ஒரு மகளுக்குத் தெரியாதா? புருஷனுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று அவள் மறைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இத்தனை வருஷம் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

நான் தெப்பத்தைத் தள்ளினேன். பாதி தூரத்தில் பரமசிவன் எங்களைப் பார்த்துவிட்டார். தண்ணீர் ஓரம்வரை வந்தவர், மகளை அடையாளம் தெரிந்ததும் இரண்டு கையையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"வராதட்டி! அங்கனயே நில்லு!" என்று கத்தினார்.

அவள் கேட்கவில்லை. தெப்பம் ஒதுங்குவதற்கு முன்பே தண்ணீரில் இறங்கிவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடிக்கக்கூடத் தோன்றாமல் நடந்து போனாள். போய் அவர் முன்னால் நின்று, துண்டுக்குள்ளிருந்த கைகளைத் தேடி வெளியே எடுத்தாள். குட்டையாகிப்போன அந்த விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சத்தம் போட்டு அழவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

பரமசிவன் வெயிலில் வாடிய மகளின் முகத்தைப் பார்த்தார். கடைசியில் அவருக்கு வந்த வார்த்தை இதுதான்:

"பங்குனி வெயில்ல வந்திருக்கியே, ஒரு குடை கொண்டாரப்பிடாதா ஆத்தா?"